காது பரிசோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி: நோய்ப் பெயர்கள் முதல் ஆடியோகிராம் வரை

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன்களில் இருபது முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர்கள், பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்த ஒரு தாளுடன் என்னிடம் வருவார்கள். நான் செவித்திறன் பரிசோதனை செய்யும் வேலையில் இருப்பவள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் பதில் ஒன்றே: "நரம்பு வீக்குன்னு சொல்லிட்டாங்க." நரம்பு பலவீனமாகிவிட்டது என்கிறார்கள். தாளைப் பிரித்துப் பார்த்தால் சிலருக்கு நரம்பில் கோளாறே இராது, செவிப்பறையில் ஓட்டை இருக்கும், அல்லது நடுச்செவியில் நீர் கோத்திருக்கும். சிகிச்சையால் சரியாகக்கூடிய ஒன்றை, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நம்பிப் பல ஆண்டுகளைக் கழித்திருப்பார்கள்.

என் அப்புச்சிக்கும், அதாவது அம்மாவின் அப்பாவுக்கும், இதுதான் நடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவசக் காது முகாமில் அவருக்குப் பரிசோதனை செய்து, இரண்டு காதுக்கும் மெஷின் விற்றுவிட்டார்கள். மூன்று மாதத்தில் அது பீரோவுக்குள் போய்விட்டது. "என்னங்கப்புச்சி, மெஷின் போடறதில்லீங்களா?" என்று கேட்டேன். "அதப் போட்டா கண்ணு, சத்தந்தான் பெருசா வருது, பேச்சு வரமாட்டேங்குது" என்றார். முகாமில் கொடுத்த தாளில் ஒவ்வொரு காதுக்கும் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. இருக்க வேண்டிய இன்னொரு கோடு இல்லை. அந்த இரண்டாவது கோட்டை நீங்களே தேடிப் பார்த்துக் கேட்கும் அளவுக்கு இந்தத் துறையின் சொற்களை அறிமுகப்படுத்துவதே இந்த வழிகாட்டியின் வேலை.

முதல் படி: உங்கள் தொல்லைக்குச் சரியான சொல்

மருத்துவர் சீட்டில் எழுதும் முதல் வரி, நீங்கள் சொன்னதன் மொழிபெயர்ப்பு. காதுவலியை ஓட்டால்ஜியா என்றும், காதில் நீரோ சீழோ வடிவதை ஓட்டோரியா என்றும், வெளியே சத்தம் இல்லாதபோதும் காதுக்குள் கேட்கும் இரைச்சலை டின்னிடஸ் என்றும் எழுதுவார்கள். காது அடைத்தாற்போல் இருப்பது ஆரல் ஃபுல்னெஸ்.

கிறுகிறுப்பில்தான் குழப்பம் அதிகம். எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருவதையும், வீடே சுற்றுவதுபோல் தோன்றுவதையும் நம் பக்கத்தில் "கிறுகிறுங்குது" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் வெர்டிகோ என்பது இரண்டாவதை மட்டுமே குறிக்கும். எனவே சுற்றுகிறதா, எவ்வளவு நேரம் சுற்றுகிறது, அப்போது காது மந்தமோ இரைச்சலோ கூடுகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் சுற்றி நின்றுவிட்டால், அது பெரும்பாலும் உட்செவியின் கால்சியத் துகள்கள் இடம் மாறியதால் வரும் பி.பி.பி.வி.; தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பும் பயிற்சியாலேயே அதைச் சரிசெய்ய முடியும். இருபது நிமிடத்திலிருந்து பல மணி நேரம் வரை சுற்றி, கூடவே இரைச்சலும் மந்தமும் வந்து போனால், மெனியர் நோயா என்று பார்ப்பார்கள்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது, தூங்கி எழுந்ததும் திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். அறிக்கையில் சடன் சென்சரிநியூரல் ஹியரிங் லாஸ் என்று வரும்; அடுத்தடுத்த மூன்று அலைவெண்களில் (ஒலியின் தாழ்வு உயர்வைச் சொல்லும் எண்) 30 டெசிபெலுக்குக் (சத்தத்தின் அலகு) குறையாத இழப்பு மூன்று நாட்களுக்குள் ஏற்படுவதே அதன் இலக்கணம். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது; இரண்டு வாரம் கடந்துவிட்டால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். சளி அடைப்பு என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டே பத்து நாள் போக்கிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் படி: காதின் மூன்று கட்டு

பழைய தொட்டிக்கட்டு வீட்டில் திண்ணை, ஆசாரம் என்னும் கூடம், உள்வீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதைப்போல, காதும் மூன்று பகுதிகளால் ஆனது. காது மடலும் செவிக்குழலும் சேர்ந்தது வெளிச்செவி. அதன் முடிவில் கதவுபோல் நிற்பது செவிப்பறை, அதாவது டிம்பானிக் மெம்பரேன். கதவுக்கு உள்ளே காற்று நிரம்பிய சிறிய அறை நடுச்செவி. அங்கே சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு என்ற மூன்று சிற்றெலும்புகள் கோத்து நிற்கின்றன. மல்லியஸ், இன்கஸ், ஸ்டேபிஸ் என்பவை அவற்றின் மருத்துவப் பெயர்கள். சுமார் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள அங்கவடிதான் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் யூஸ்டேஷியன் குழாய் இணைக்கிறது. சளி பிடித்தால் காது அடைப்பதும், ஊட்டிக்கு மலை ஏறும்போது எச்சில் விழுங்கியதும் காது "பட்" என்று திறப்பதும் இந்தக் குழாயால்தான். உட்செவியில் நத்தைக்கூடுபோல் சுருண்ட காக்ளியாவுக்குள் மயிர்ச்செல்கள் சத்தத்தை மின்குறிப்பாக மாற்ற, செவிநரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது.

திண்ணையிலோ ஆசாரத்திலோ தடை இருந்தால் அது கண்டக்டிவ், அதாவது கடத்தல் வகைச் செவித்திறன் இழப்பு. உள்வீட்டிலோ நரம்பிலோ கோளாறு இருந்தால் அது சென்சரிநியூரல், அதாவது உணர்நரம்பு வகை. இரண்டும் சேர்ந்திருந்தால் மிக்சட், அதாவது கலப்பு வகை. அறிக்கையின் கடைசி வரியில் இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கடத்தல் வகையில் பலவற்றை மருந்தோ அறுவை சிகிச்சையோ சரிசெய்யும். இறந்த மயிர்ச்செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை என்பதால், நிலைத்துவிட்ட உணர்நரம்பு வகைக்குக் காது மெஷினோ, உட்செவிக்குள் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்டோதான் துணை.

மூன்றாம் படி: நோய்ப் பெயரைப் பிரித்துப் படித்தல்

நீளமான பெயர்களைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் வேர்ச்சொற்களைக் கோத்துச் செய்தவை. ஓட்டோ என்றால் காது. டிம்பானோ, மிரிங்கோ இரண்டும் செவிப்பறை. பிரெஸ்பி என்றால் முதுமை. சொல்லின் இறுதியில் ஐட்டிஸ் வந்தால் அழற்சி, பிளாஸ்டி வந்தால் சீரமைப்பு, ஒட்டமி வந்தால் கீறித் திறப்பது, எக்டமி வந்தால் அகற்றுவது. இப்போது மிரிங்கோபிளாஸ்டி என்பதைப் பிரித்தால் செவிப்பறை ஓட்டையை அடைக்கும் அறுவை என்று தானே விளங்கும். மாஸ்டாய்டு என்பது காதுக்குப் பின்னால் கையில் தட்டுப்படும் எலும்பு. அங்கே நோய்ப்பட்ட பகுதியை அகற்றுவது மாஸ்டாய்டெக்டமி.

வெளிச்செவியில் அடிக்கடி எழுதப்படுவது இம்பாக்டட் வேக்ஸ், அதாவது குறும்பி இறுகி அடைத்தல். குறும்பி அழுக்கு அன்று. செவிக்குழலைக் காக்கும் சுரப்பு, தானாகவே வெளியே நகரும் தன்மையுடையது. கொண்டை ஊசி, ஊக்கு, கோழி இறகு, பட்ஸ் எதை விட்டாலும் அது இன்னும் உள்ளே தள்ளப்படும். நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ஊற்றும் வழக்கமும் நம்மிடம் உண்டு. செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் ஊற்றினால் எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் இறங்கும். ஈரமும் எண்ணெயும் தங்கிய காதில் பூஞ்சை வளர்வதே ஓட்டோமைக்கோசிஸ். நனைந்த செய்தித்தாளில் கரும்புள்ளி இட்டதுபோல் தெரியும், அரிப்பு தாங்காது.

நடுச்செவி அழற்சி ஓட்டைட்டிஸ் மீடியா. சளியைத் தொடர்ந்து குழந்தைக்குக் காய்ச்சலுடன் வரும் கடுமையான வலி ஏ.எஸ்.ஓ.எம். வலியே இல்லாமல் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பது எஃப்யூஷன் அல்லது குளூ இயர். பள்ளியில் ஆசிரியர் அழைத்தால் திரும்பாத பிள்ளையைக் கவனக்குறைவு என்று அடிப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நீர் வற்றாவிட்டால் மிரிங்கோட்டமி செய்து குரோமெட் என்னும் சிறு குழாயைப் பொருத்துவார்கள்.

செவிப்பறை ஓட்டையுடன் ஆண்டுக்கணக்கில் சீழ் வடிவது சி.எஸ்.ஓ.எம். இதில் மியூகோசல் அல்லது ட்யூபோடிம்பானிக் என்று எழுதியிருந்தால் ஆபத்துக் குறைந்த வகை; நிறைய வடியும், பெரும்பாலும் நாறாது. ஸ்குவாமசல் அல்லது ஆட்டிகோஆன்ட்ரல் என்றோ, கொலஸ்டியடோமா என்றோ எழுதியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கொஞ்சமாக வடிந்தாலும் துர்நாற்றம் வீசும்; அந்தத் தோல்கட்டி சுற்றியுள்ள எலும்பை அரித்து முகநரம்பையும், முற்றினால் மூளையையும் தொடக்கூடியது. அங்கவடி எலும்பு இறுகி அசையாமல் போவது ஓட்டோஸ்கிளிரோசிஸ். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், பிள்ளைப்பேற்றுக் காலத்தில் கூடுவதும் உண்டு. இதற்கு ஸ்டேபிடாட்டமி என்ற அறுவை நல்ல பலன் தரும்.

உட்செவியில் முதுமையால் வருவது பிரெஸ்பிக்யூசிஸ். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகளாலும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தாலும் வருவது ஓட்டோடாக்சிசிட்டி. எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது நாய்ஸ் இன்ட்யூஸ்டு ஹியரிங் லாஸ், அதாவது இரைச்சலால் வரும் இழப்பு. தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெலை வரம்பாக வைத்தன. 95 டெசிபெலுக்கு 4 மணி நேரம், 100 டெசிபெலுக்கு 2 மணி நேரம் மட்டுமே. நாடாத்தறிகள் வரிசையாக அடிக்கும் குடோன் 90 டெசிபெலை எளிதாகத் தாண்டும். வேலையோ 12 மணி நேர ஷிப்ட். காதில் கழிவுப் பஞ்சை அடைத்துக்கொள்வது போதிய காப்பு ஆகாது. அதற்கென்று செய்த இயர்பிளக்கையோ இயர்மஃபையோதான் அணிய வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இந்த இழப்பைத் தன் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோய்களுள் ஒன்றாகச் சேர்த்திருந்தது என்பதைத் தொழிலாளிகள் பலர் அறியவில்லை.

நான்காம் படி: எந்தச் சோதனை எதைச் சொல்கிறது

எந்த இயந்திரத்துக்கும் முன்னால் ஓட்டோஸ்கோப்பியால் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். அடுத்து 512 ஹெர்ட்ஸ் (அலைவெண்ணின் அலகு) இசைக்கவையைத் தட்டி, காதருகில் ஒருமுறையும் காதுக்குப் பின் எலும்பில் ஒருமுறையும் வைத்து ஒப்பிடுவது ரின்னி சோதனை. காதருகில் நன்றாகக் கேட்டால் பாசிட்டிவ், எலும்பில் நன்றாகக் கேட்டால் நெகட்டிவ். இங்கே பாசிட்டிவ் என்பதற்கு நோய் இருக்கிறது என்று பொருளில்லை; நல்ல காதிலும் நரம்புக் குறையுள்ள காதிலும் ரின்னி பாசிட்டிவ்தான், கடத்தல் தடை இருந்தால்தான் நெகட்டிவ். நெற்றி நடுவில் கவையை வைப்பது வெபர் சோதனை. கடத்தல் குறையில் சத்தம் குறையுள்ள காதுக்கும், நரம்புக் குறையில் நல்ல காதுக்கும் ஒதுங்கும்.

முதன்மையான சோதனை பியூர் டோன் ஆடியோமெட்ரி, சுருக்கமாக பி.டி.ஏ. சத்தம் புகாத அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்க வைத்து, ஒவ்வொன்றிலும் கேட்கக்கூடிய மிக மெல்லிய அளவை ஆடியோகிராம் என்ற வரைபடத்தில் குறிப்பார்கள். ஹெட்போன் வழியாகச் செய்வது காற்றுவழி. காதுக்குப் பின் எலும்பில் சிறு அதிர்வுக் கருவியை வைத்துச் செய்வது எலும்புவழி. எலும்புவழி ஒலி திண்ணையையும் ஆசாரத்தையும் தாண்டி நேரே உள்வீட்டுக்குப் போகிறது. ஆகவே எலும்புவழியில் நன்றாகக் கேட்டுக் காற்றுவழியில் கேட்காவிட்டால் தடை வெளியில் இருக்கிறது. அப்புச்சியின் முகாம் தாளில் இல்லாமல் போனது இந்த எலும்புவழிக் கோடுதான். அது இல்லாத தாள் எவ்வளவு கேட்கவில்லை என்று மட்டுமே சொல்லும்; ஏன் கேட்கவில்லை என்று சொல்லாது. அதை வைத்துக்கொண்டு மெஷின் வாங்காதீர்கள்.

ஸ்பீச் ஆடியோமெட்ரி சத்தத்தை விட்டுப் பேச்சை அளக்கிறது. எஸ்.ஆர்.டி. என்பது சொற்களில் பாதியைத் திருப்பிச் சொல்ல முடிகிற மிகக் குறைந்த அளவு, அது பி.டி.ஏ. சராசரியோடு ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். எஸ்.டி.எஸ். என்பது போதிய சத்தத்தில் சொல்லும் சொற்களில் நூற்றுக்கு எத்தனை சரியாகப் புரிகின்றன என்ற விழுக்காடு. இதைத் தமிழ்ச் சொற்களால்தான் செய்ய வேண்டும்.

இம்பீடன்ஸ் சோதனை நடுச்செவிக்கானது. காதில் சிறு அழுத்தம் கொடுத்துச் செவிப்பறை அசைவதை டிம்பனோகிராம் என்ற வரைபடமாகத் தரும். ஏ வகை இயல்பானது; பி வகை உச்சியே இல்லாத தட்டையான கோடு; சி வகையில் உச்சி எதிர்மறை அழுத்தத்துக்கு நகர்ந்திருக்கும், அதாவது யூஸ்டேஷியன் குழாய் சரியாகத் திறக்கவில்லை. பி வகையைப் பார்த்தால் பக்கத்தில் உள்ள செவிக்குழல் கொள்ளளவையும் பாருங்கள்: இயல்பான அளவானால் நீர்கோப்பு, மிகக் கூடுதலானால் செவிப்பறையில் ஓட்டை.

பச்சிளங்குழந்தை கை தூக்கிச் சொல்லாது. அதனால் ஓ.ஏ.இ., பெரா என்ற இரண்டு சோதனைகள். நல்ல உட்செவி, சத்தம் கேட்டதும் தானும் ஒரு மெல்லிய எதிரொலியை வெளியே அனுப்பும். 1978இல் டேவிட் கெம்ப் கண்டறிந்த இந்த உண்மையே ஓ.ஏ.இ. சோதனையின் அடிப்படை. பாஸ் என்றால் மயிர்ச்செல்கள் வேலை செய்கின்றன. ரெஃபர் என்றால் மறுபடி சோதிக்க வேண்டும், செவிடு என்று பொருளல்ல. நரம்பைப் பார்ப்பது பெரா; தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, பெராவும் வேண்டும். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பது உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. சொந்தத்தில் திருமணம் செய்துகொண்ட பெற்றோர் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். பிறவிச் செவித்திறன் குறைவுக்கான மரபணு இரு பக்கத்திலிருந்தும் சேர வாய்ப்பு அங்கே அதிகம்.

ஐந்தாம் படி: ஒரு ஆடியோகிராமை வரிவரியாகப் படித்தல்

படத்தின் மேல்விளிம்பில் இடமிருந்து வலமாக அலைவெண். இடப்பக்கம் மேலிருந்து கீழாக டெசிபெல். கோடு கீழே இறங்க இறங்க இழப்பு அதிகம். பூஜ்யம் டெசிபெல் என்றால் சத்தமே இல்லை என்று பொருளல்ல; நல்ல காதுடைய இளைஞர்களின் சராசரிக் கேட்பெல்லை அது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. எலும்புவழிக்கு அம்புமுனை போன்ற குறி; மறு காதுக்கு இரைச்சல் கொடுத்து மாஸ்கிங் செய்து எடுத்திருந்தால் சதுர அடைப்புக்குறி. குறியிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு தொங்கினால், இயந்திரத்தின் எல்லைவரை கூட்டியும் கேட்கவில்லை என்று பொருள்.

அப்புச்சிக்கு நான் முறையாக எடுத்த சோதனையின் எண்கள் இவை. வலது காது காற்றுவழி 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் முறையே 55, 50, 60, 80. எலும்புவழி 20, 25, 35, 60. இடது காதில் காற்றுவழி 20, 25, 35, 65, எலும்புவழியும் அதையொட்டியே.

முதல் மூன்று எண்களைக் கூட்டி மூன்றால் வகுப்பதே வழக்கமான சராசரி. வலதில் காற்றுவழி 55, எலும்புவழி ஏறத்தாழ 27, இடைவெளி 28. இதை ஏர்-போன் கேப் என்பார்கள். 10 டெசிபெலுக்கு மேல் இருந்தால் கடத்தல் தடை உண்டு. எலும்புவழியும் இயல்பாக இல்லை என்பதால் வலது காது கலப்பு வகை. இடதில் இடைவெளி இல்லை, எனவே உணர்நரம்பு வகை.

அளவுக்குப் பெயர் வைக்கப் பரவலாக உள்ள அட்டவணை: 26 முதல் 40 வரை மைல்டு, 41 முதல் 55 வரை மாடரேட், 56 முதல் 70 வரை மாடரேட்லி சிவியர், 71 முதல் 90 வரை சிவியர், அதற்கு மேல் ப்ரொஃபவுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அட்டவணையில் எல்லைகள் வேறு. அங்கே 20 டெசிபெலிலேயே இழப்பு தொடங்குகிறது. இரண்டு இடங்களில் எடுத்த அறிக்கையில் பெயர் மாறியிருந்தால் பதறாமல் எண்களை ஒப்பிடுங்கள்.

இடது காதின் சராசரி 27 மட்டுமே, மைல்டு. ஆனால் 4000 ஹெர்ட்ஸையும் சேர்த்து நான்கால் வகுத்தால் 36 ஆகிறது. அந்த 65 என்ற பள்ளம் தறி தோண்டியது. இரைச்சல் முதலில் கடிப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தைத்தான். உயிரெழுத்துகளின் முழக்கம் தாழ்ந்த அலைவெண்களிலும், ச, ட, த போன்ற மெய்களின் கூர்மை உயர்ந்த அலைவெண்களிலும் இருப்பதால், இப்படிப்பட்ட காதுக்குப் பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. "பட்டு" என்றால் "பத்து" என்று கேட்கும், "காசு" என்றால் "காது" என்று கேட்கும். பேத்தியின் மெல்லிய குரல் புரியாது, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கட்டைக் குரல் புரியும். "சத்தம் வருது, பேச்சு வரமாட்டேங்குது" என்று அவர் சொன்னது, இந்தப் படத்தை அப்படியே வாயால் சொன்னதுதான். எல்லா அலைவெண்ணையும் ஒரே அளவில் பெருக்கிய மெஷின் அவருக்கு உதவவில்லை.

வலது காதின் டிம்பனோகிராம் பி வகை, கொள்ளளவு 3.2 மில்லிலிட்டர், பெரியவர்களுக்கு இயல்பு 0.6 முதல் 1.5 வரை. செவிப்பறையில் ஓட்டை என்று அதுவே சொல்லிவிட்டது. சிறுவயதில் கிணற்றில் நீந்திய நாளிலிருந்து அந்தக் காதில் சீழ் வந்து போய்க்கொண்டிருந்ததாம். முகாமில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வடியும் காதை மெஷினின் அச்சால் அடைத்தால் காற்றுப் புகாமல் சீழ் கூடும், அதுவும் நடந்திருந்தது.

ஆறாம் படி: அறிக்கையோடு எங்கே போவது

கடத்தல் அல்லது கலப்பு வகையானால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். மெஷின் கடைக்கு அப்புறம். கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். குழந்தைகளுக்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் உண்டு. சிறு குழந்தைகளுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். சத்தியமங்கலம், பவானிசாகர் பக்கத்தவர்கள் திம்பம் மலைப்பாதை ஏறி, 1965இல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குப் போவதும் உண்டு.

சான்றிதழ் வேண்டுவோர் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அளவை அறிந்திருக்க வேண்டும்: பேச்சு அலைவெண்களில் இரு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் இழப்பு கேட்டல் குறை, இரு காதிலும் 70 டெசிபெல் இழப்பு காது கேளாமை. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு ஊனம் அடிப்படை.

அப்புச்சிக்கு வலது காதில் டிம்பனோபிளாஸ்டி செய்தார்கள். சில மாதம் கழித்து எடுத்த ஆடியோகிராமில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் சிவப்பு வட்டங்கள் எலும்புவழிக் குறியை ஒட்டி மேலே ஏறியிருந்தன. 4000 மட்டும் 65இல் நின்றது. அதற்காக உயர்ந்த அலைவெண்களை மட்டும் பெருக்கும்படி அமைத்த மெஷினை இரண்டு காதிலும் இப்போது போட்டுக்கொள்கிறார்.

தறியிலோ மில்லிலோ வேலை செய்வோர் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் இரைச்சலில் நிற்காதீர்கள். ஷிப்ட் முடிந்த கையோடு வந்தால் தற்காலிகமாக மந்தித்த காதின் கணக்கே பதிவாகும். ஒவ்வொரு அறிக்கையின் மூலையிலும் தேதியையும் கடைசி ஷிப்ட் முடிந்த நேரத்தையும் எழுதி, பழைய தாள்களையும் சேர்த்து அடுத்த முறை கொண்டுவாருங்கள்.